டிராயிங் படி செய்தும் பொருந்தவில்லையா? விமான வரைபடத்தில் பிழை எங்கே என்று அறிகுறியை வைத்துப் பிடிப்பது

"டிராயிங் படிதான் செய்தேன், ஆனால் பொருந்தவில்லை." விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மை, படத்தில் இருந்தபடிதான் செய்திருப்பார்கள். பிரச்சினை என்னவென்றால் விமான டிராயிங்கில் பாதி விஷயம் படத்தில் இருக்காது, ஓரத்தில் எழுத்தாக இருக்கும், நம் கண் அதைத் தாண்டி நேராகப் படத்துக்குப் போய்விடும். அதனால் என்ன அறிகுறி தெரிகிறதோ அதில் தொடங்கி, ஓரத்தில் எதைப் படிக்காமல் விட்டீர்கள் என்று பின்னோக்கித் தேடும் விதத்தில் இதை எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

பாகம் இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்த்தது போல வந்திருக்கிறது

மூன்று காரணங்கள் உண்டு, இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் டைட்டில் பிளாக். தாளின் வலது கீழ் மூலையில் இருக்கும் அந்தக் கட்டத்திலோ அதற்குப் பக்கத்திலோ, தலை வெட்டிய கூம்பு போல ஒரு சின்னம் இருக்கும், அதன் அருகே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள். வட்டங்கள் கூம்பின் குறுகிய முனைப் பக்கம் இருந்தால் அது தேர்டு ஆங்கிள், அகன்ற முனைப் பக்கம் இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். ஒரு பாகத்தின் பல தோற்றங்களைத் தாளில் எங்கெங்கே வைப்பது என்பதற்கான இரண்டு முறைகள் இவை. தேர்டு ஆங்கிளில் வலப்பக்கம் நின்று பார்த்த தோற்றம் வலப்பக்கமே வரையப்படும். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் அதே தோற்றம் இடப்பக்கம் போய் உட்காரும். அமெரிக்காவில் வரைந்தவை வழக்கமாகத் தேர்டு ஆங்கிள், ஐரோப்பாவில் வரைந்தவற்றில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் அதிகம். ஒரே ஹேங்கரில் இரண்டு வகை விமானமும் நிற்கும்போது நேற்றைய பழக்கத்தில் இன்றைய டிராயிங்கைப் படித்துவிடுகிறோம். பாகம் இருபுறமும் ஒரே மாதிரி இருந்தால் இந்தத் தப்பு வெளியே தெரியவே தெரியாது. ஓரமாக ஒரே ஒரு துளை இருந்தால் போதும், அது காட்டிக்கொடுத்துவிடும்.

சின்னம் சரியாகத்தான் படித்தீர்கள் என்றால், அடுத்து "எல்ஹெச் ஷோன், ஆர்ஹெச் ஆப்போசிட்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். வரைந்திருப்பது இடப்பக்கத்துப் பாகம் மட்டும், வலப்பக்கத்துக்குத் தனிப் படம் கிடையாது, இடத்துக்கு எதிராக நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று பொருள். பல நிறுவனங்களில் டிராயிங் எண்ணுக்குப் பின்னால் வரும் டேஷ் எண் ஒற்றைப்படை என்றால் இடம், இரட்டைப்படை என்றால் வலம். -1 வரைந்திருக்கும், -2 அதற்கு எதிர். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எதிர் என்றால் திருப்பி வைத்தது அல்ல, கண்ணாடிப் பிம்பம். தட்டையான தகடாக இருக்கும்வரை திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம், ஒரு மடிப்பு வந்துவிட்டால் முடியாது.

மூன்றாவது, எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பது. விமானத்தில் இடம், வலம் எல்லாம் இருக்கையில் உட்கார்ந்து முன்னோக்கிப் பார்க்கும் விமானியின் இடம், வலம். மூக்குக்கு முன்னால் நின்று வாலைப் பார்த்தால் உங்கள் வலக்கைப் பக்கம் விமானத்துக்கு இடப்பக்கம். படத்துக்குக் கீழே "லுக்கிங் ஆஃப்ட்" (பின்னோக்கிப் பார்த்தது), "லுக்கிங் அவுட்போர்டு" (வெளிப்பக்கம் நோக்கிப் பார்த்தது) என்று எழுதியிருப்பார்கள், இல்லாவிட்டால் முன்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று ஒரு சின்ன அம்பு காட்டும். குறுக்குவெட்டுத் தோற்றத்தில் ஏ-ஏ என்று வெட்டுக்கோடு போட்டிருந்தால் அதன் அம்பு முனைகள் எந்தத் திசையில் இருக்கின்றனவோ அந்தத் திசையில்தான் பார்க்க வேண்டும். வேலைக்கு வந்த முதல் வருடம் நான்கு கிளிப்புகளை (மடித்த சிறு தகடுகளை) இப்படித்தான் வீணாக்கினேன். அம்பு பின்னோக்கி இருந்தது, நான் முன்னோக்கிப் பார்த்து மடித்தேன், நான்கிலும் மடிப்பு தப்பான பக்கம். பரிசோதகர் ஒன்றும் பேசவில்லை, அம்பு முனையில் விரலை வைத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து தகட்டை வெட்டும் முன் தடித்த காகிதத்தில் அதே வடிவத்தை வெட்டி, மடித்து, விமானத்தில் அந்த இடத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை. மேலே சொன்ன மூன்று காரணங்களில் எது இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

டிராயிங் சொல்லும் இடத்தை விமானத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை

விமானத்துக்குள் ஒரு புள்ளியைச் சொல்ல மூன்று அளவு வேண்டும். முன்னும் பின்னும் எவ்வளவு என்பது ஃபியூஸ்லாஜ் ஸ்டேஷன், சிலர் பாடி ஸ்டேஷன் என்பார்கள். உயரம் வாட்டர் லைன். நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி என்பது பட் லைன், அதில் இடமா வலமா என்ற எழுத்தும் சேர்ந்து வரும். அமெரிக்க டிராயிங்கில் இவை அங்குலத்தில் இருக்கும். ஏர்பஸ் டிராயிங்கில் மில்லிமீட்டர், அதோடு இடத்தை ஃபிரேம் (உடலின் குறுக்கே வரும் வளையச் சட்டம்) எண்ணை வைத்துச் சொல்லும் பழக்கமும் அதிகம். ஃபிரேம் 47 என்பது வெறும் வரிசை எண், தூரம் அல்ல. அதை அளவு என்று நினைத்து டேப்பைப் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டேப் பிடித்தும் இடம் சேரவில்லை என்றால், எங்கிருந்து அளந்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஸ்டேஷன் பூஜ்யம் மூக்கின் நுனியில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல விமானங்களில் அது மூக்குக்கும் முன்னால், வெறும் காற்றில் இருக்கிறது. வாட்டர் லைன் பூஜ்யமும் விமானத்துக்கு விமானம் மாறும். எனவே பூஜ்யத்தைத் தேடிப் போகாதீர்கள். பக்கத்தில் தெரியும் ஒரு ஃபிரேமோ பல்க்ஹெட்டோ (குறுக்குத் தடுப்புச் சுவரோ) எந்த ஸ்டேஷன் என்று உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து வித்தியாசத்தை மட்டும் அளங்கள்.

இன்னொரு பொறி, உடலை நீட்டிய மாடல்கள். பழைய மாடலின் நடுவே புதிய துண்டைச் செருகி நீளமாக்கும்போது பழைய ஸ்டேஷன் எண்களை மாற்ற மாட்டார்கள், மாற்றினால் எல்லா டிராயிங்கையும் மாற்ற வேண்டி வரும். அதனால் செருகிய பகுதிக்கு ஒரே எண்ணோடு ஏ, பி, சி என்று எழுத்தோ, கூட்டல் குறியோடு ஓர் எண்ணோ சேர்ப்பார்கள். அந்தப் பகுதியைத் தாண்டி அளந்தால், இரண்டு ஸ்டேஷன் எண்களின் வித்தியாசமும் டேப் காட்டும் தூரமும் ஒன்றாக இருக்காது. இறக்கையில் இன்னும் கவனம் வேண்டும்: விங் ஸ்டேஷனைச் சில நிறுவனங்கள் ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதன்மைத் தாங்கி) போகும் திசையில் அளக்கின்றன, பட் லைனோ விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து நேராக அளக்கப்படுவது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் இந்த இரண்டும் ஒரே எண்ணைத் தராது.

"ஷீட் 2, ஸோன் சி4 பார்க்க" என்கிறது, அங்கே எதுவும் இல்லை

ஸோன் என்பது தாளின் ஓரத்தில் உள்ள எண்ணும் எழுத்தும் சேர்ந்து காட்டும் கட்டம். அந்த எண்களும் எழுத்துகளும் எந்தப் பக்கம் தொடங்குகின்றன என்று பாருங்கள். அமெரிக்க முறையில் வலது கீழ் மூலையில் தொடங்கி எண்கள் இடப்பக்கமும் எழுத்துகள் மேல்பக்கமும் போகும். ஐஎஸ்ஓ முறையில் இடது மேல் மூலையில் தொடங்கும். அநேகமாக நீங்கள் எதிர் மூலையில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

துளை எல்லாம் சரி, ரிவெட்டோ போல்ட்டோ பொருந்தவில்லை

டிராயிங்கில் ரிவெட் வரும் இடத்தில் ஒரு சிலுவைக் குறியும் அதன் நான்கு மூலைகளில் எழுத்தும் எண்ணும் இருந்தால், அது பெரும்பாலும் என்ஏஎஸ் 523 என்ற அமெரிக்கத் தரமுறை. இதைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் இருக்கும் பழைய ரிவெட்டைப் பார்த்து எடுத்துப் போடுவது ரொம்ப சகஜம், அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன். இடது மேல் மூலையில் இருப்பது ரிவெட்டின் வகை: பிஜே என்றால் எம்எஸ் 20470 ஏடி என்ற தர எண், உருண்டையாக வெளியே தெரியும் தலை, பிபி என்றால் எம்எஸ் 20426 ஏடி, தகட்டோடு மட்டமாக அமரும் 100 டிகிரி தலை. வலது மேல் மூலையில் விட்டமும், தொழிற்சாலைத் தலை (ரிவெட்டில் ஏற்கெனவே இருக்கும் தலை) எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதும் இருக்கும், என் என்றால் நமக்கு அருகில் உள்ள பக்கம், எஃப் என்றால் அப்பால் உள்ள பக்கம். இடது கீழ் மூலை, தலை உட்காரத் தகட்டைக் குழிக்க வேண்டுமா, சாய்வாகக் கடைய வேண்டுமா என்று சொல்லும். வலது கீழ் மூலையில் நீளம். அது காலியாக இருந்தால், சேர்க்கும் தகடுகளின் மொத்தத் தடிமனோடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டி நீளத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரிவெட் எண்ணில் விட்டமும் நீளமும் வேறு வேறு அலகில் இருப்பது அடுத்த குழப்பம். எம்எஸ் 20470 ஏடி 4-5 என்பதில் 4 என்பது 32இல் 4 பங்கு, அதாவது 1/8 அங்குல விட்டம். 5 என்பது 16இல் 5 பங்கு, அதாவது 5/16 அங்குல நீளம். நடுவில் வரும் ஏடி உலோகத்தைக் குறிக்கிறது, 2117 அலுமினியக் கலவை, தலையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். டிடி என்றால் 2024 கலவை, தலையில் இரண்டு சிறு கோடுகள் புடைத்திருக்கும். ஏஎன் போல்ட்டில் முறையே வேறு. ஏஎன்3 என்றால் 16இல் 3 பங்கு விட்டம். நீளம் எட்டில் ஒரு பங்காக எண்ணப்படும், ஆனால் 7க்குப் பிறகு 8, 9 கிடையாது, நேராக 10 வரும். 10 என்றால் பத்து எட்டில் ஒன்று அல்ல, 1 அங்குலமும் பூஜ்யம் எட்டில் ஒன்றும், அதாவது சுமார் 1 அங்குலம். 11 என்றால் சுமார் 1 1/8.

ஒரே ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதற்கு 1990 ஜூன் 10ஐ நினைவில் வையுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பிஏசி ஒன்-இலெவன் விமானம், 17,300 அடி உயரத்தில் விமானிக்கு முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானி பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டு, சக ஊழியர்கள் பிடித்துக்கொண்டதால் உயிர் பிழைத்தார். முந்தைய நாள் அதிகாலையில் மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் 8டிக்குப் பதிலாக 8சி, விட்டத்தில் வித்தியாசம் 0.026 அங்குலம். மீதி 6 போல்ட்டுகள் 7டி, விட்டம் சரி, நீளம் 0.1 அங்குலம் குறைவு. கழற்றிய பழைய போல்ட்டுகளே 7டிதான். பாகப் பட்டியலைப் பார்க்காமல் கழற்றியதைக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார்கள். கழற்றியது எது என்பது ஆதாரமே அல்ல. பட்டியலில் எண்ணைப் படியுங்கள், கடைசி எழுத்துவரை.

அளவுகளைக் கூட்டினால் சேரவில்லை, தாளில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் வேறு வருகிறது

தாளில் ஸ்கேல் வைக்கவே வைக்காதீர்கள். பிரிண்ட் எடுக்கும்போது தாள் சுருங்கியோ பெரிதாகியோ இருக்கலாம், அளவை மட்டும் மாற்றிவிட்டுப் படத்தை மாற்றாமல் விட்டிருக்கலாம்.

கூட்டும்போது இடிக்கிறது என்றால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணையோ, ரெஃப் என்று போட்ட எண்ணையோ சேர்த்திருக்கிறீர்களா பாருங்கள். அது தகவலுக்கு மட்டும், அதற்கு டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட கூடுதல் குறைவு) கிடையாது. அப்புறம் தசம இடங்கள்: அமெரிக்க டிராயிங்கில் 1.50, 1.500 இரண்டும் ஒன்றல்ல. டைட்டில் பிளாக்கில் இரண்டு தசம இடத்துக்கு ±0.03, மூன்று தசம இடத்துக்கு ±0.010 என்பது போல எழுதியிருக்கும், கடைசியில் இருக்கும் பூஜ்யம் டாலரன்ஸை இறுக்குகிறது. மில்லிமீட்டர் டிராயிங்கில் கடைசிப் பூஜ்யத்துக்கு இந்த வேலை இல்லை. துளையிலிருந்து அடுத்த துளைக்கு என்று சங்கிலியாக அளவு கொடுத்திருந்தால் டாலரன்ஸும் கூடிக்கொண்டே போகும்: ±0.03 உள்ள ஐந்து இடைவெளிகளைத் தாண்டினால் கடைசித் துளை ±0.15 வரை நகரலாம், அதுவும் டிராயிங்படி சரிதான். கட்டத்துக்குள் இருக்கும் எண் என்றால் அந்த அளவுக்குத் தனி டாலரன்ஸ் இல்லை, பக்கத்தில் இருக்கும், இடம் எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் பொசிஷன் கட்டத்தில் தேடுங்கள்.

"10 சம இடைவெளி" என்று இருந்தால் ரிவெட் 11. எண்ணிப் பார்க்காமல் 10 துளை போட்டு எத்தனை தகடு வீணாகிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வளைத்த பிறகு தகட்டின் கால் நீளமாகிவிட்டது

கால் என்பது மடிப்புக்கு இருபுறமும் நிற்கும் தட்டையான பகுதி. டிராயிங்கில் இருக்கும் கால் நீளம் பொதுவாக வளைவு முடியும் இடத்திலிருந்து அல்ல, இரண்டு வெளிமுகங்களையும் நீட்டினால் சந்திக்கும் கற்பனை மூலையிலிருந்து. அந்த மூலைவரை உலோகம் போவதில்லை, வளைந்து குறுக்கே போகிறது. தடிமன் 0.040, உள் ஆரம் 0.125, 90 டிகிரி வளைவு, இரண்டு கால்களும் 1.000 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 1 + 1 என்று 2.000 வெட்டினால் தப்பு. ஒவ்வொரு காலிலும் ஆரமும் தடிமனும் சேர்ந்த 0.165ஐக் கழித்தால் 0.835, இரண்டுக்கும் 1.670. வளைவுக்கு வேண்டிய உலோகம்: 0.01743ஐ ஆரத்தால் பெருக்கி, 0.0078ஐத் தடிமனால் பெருக்கி, இரண்டையும் கூட்டி டிகிரியால் பெருக்கினால் 0.224. மொத்தம் 1.894. ஆக 0.106 அங்குலம் அதிகமாக வெட்டியிருக்கிறீர்கள், அதுதான் காலில் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

நீளம் சரி, கோணம்தான் தப்பு என்றால், டிராயிங் சொல்வது தட்டையிலிருந்து எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதா, வளைத்தபின் உள்ளே மிஞ்சும் கோணமா என்று பாருங்கள். 120 வளைத்தால் உள்ளே 60. 90இல் மட்டும் இரண்டும் ஒன்று, அதனால் 90 மட்டுமே செய்து பழகியவர்கள் முதல் சாய்வான ஃபிளாஞ்சில் (மடித்த விளிம்பில்) மாட்டிக்கொள்கிறார்கள். வளைவில் விரிசல் வந்தால் நோட்ஸ் பகுதிக்குப் போங்கள்: தகட்டின் உருட்டுத் திசைக்குக் குறுக்காக வளைக்கச் சொல்லியிருக்கும், அல்லது மென்மையான ஓ நிலையில் வளைத்துவிட்டுப் பிறகு டி42 என்ற கடினமான நிலைக்குப் பதப்படுத்தச் சொல்லியிருக்கும். படத்தில் அம்புக்குறியின் முனையில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருந்தால் அது அளவு அல்ல, அந்த எண் உள்ள குறிப்பைப் போய்ப் படி என்று பொருள்.

வயரிங் படத்தில் இணைப்பு இருக்கிறது, மீட்டர் இல்லை என்கிறது

ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சாதாரண சுவிட்சும் பொதுவாக மின்சாரம் இல்லாத நிலையில் வரையப்பட்டிருக்கும். நீங்கள் சோதிக்கும்போது விமானம் எந்த நிலையில் இருக்கிறது? தரையில் நிற்கும்போது வேலை செய்யும் ரிலே பாதையை மாற்றியிருக்கலாம். வயர் எண்ணையும் முழுதாகப் படியுங்கள். எச்215ஏ20 என்பதில் எச் எந்தச் சர்க்யூட் என்பது, 215 வயர், ஏ அதன் முதல் துண்டு, 20 தடிமன். ஒரு கனெக்டரைத் தாண்டினால் அதே வயர் எச்215பி20 ஆகிவிடும். படத்தில் ஏ துண்டைப் பார்த்துக்கொண்டு விமானத்தில் பி துண்டில் மீட்டரை வைத்திருக்கலாம்.

விமானத்தில் இருப்பது ஒன்று, டிராயிங்கில் இருப்பது வேறு

எனக்கு உண்மையிலேயே பயம் தரும் அறிகுறி இதுதான், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் "இப்படித்தான் இருக்கும்" என்று தாங்களாக முடிவெடுக்கிறார்கள்.

முதலில் இந்த டிராயிங் இந்த விமானத்துக்குத்தானா என்று பாருங்கள். ஒரே மாடலில் 1 முதல் 45 வரை ஒரு வடிவம், 46இலிருந்து வேறு வடிவம் என்று இருக்கும்; சீரியல் எண் எந்தப் பிரிவில் வருகிறது என்பதைத் தாளில் போட்டிருப்பார்கள். பிறகு ரிவிஷன், அதாவது டிராயிங்கின் திருத்தப் பதிப்பைக் காட்டும் எழுத்து. வரிசையில் எல்லா எழுத்துகளும் வராது, அமெரிக்க முறையில் ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆறையும் விட்டுவிடுவார்கள், எண்ணோடு குழம்பக் கூடாது என்பதற்காக. எனவே எச்சுக்கு அடுத்து ஜே வந்தால் நடுவில் ஒன்று தொலைந்துவிட்டதாகப் பதற வேண்டாம். ஆனால் கையில் இருப்பதுதான் கடைசி ரிவிஷனா, அதன்மேல் இன்னும் தாளில் ஏறாத மாற்ற உத்தரவு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். அதன் பிறகு விமானத்தின் பழுதுபார்ப்புப் பதிவுகள்: முன்பு யாராவது அந்த இடத்தை வேறு டிராயிங்படி சரிசெய்திருக்கலாம்.

எதிலும் விடை இல்லை என்றால் வேலையை நிறுத்துங்கள். 1978இல் வால் தரையில் உரசிய ஒரு போயிங் 747இன் பின்பக்கப் பிரஷர் பல்க்ஹெட்டை, அதாவது கேபின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்சுவரை, பழுதுபார்த்தார்கள். பழுதுபார்ப்பு டிராயிங் கேட்டது ஒரே முழு இணைப்புத் தகடு. வேலையில், இணைப்பின் ஒரு பகுதியில் அது இரண்டு துண்டாகப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் ரிவெட் வரிசைகள் அத்தனையும் இருந்தன, ஆனால் அந்தப் பகுதியில் சுமை போனது ஒரே வரிசை வழியாக. 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்த இணைப்பு கிழிந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. விமானத்தில் இருந்த 524 பேரில் 520 பேர் இறந்தார்கள்.

நிறுத்திவிட்டு இன்ஜினியரிங்குக்கு எழுதும்போது "டிராயிங் ஒத்துப்போகவில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வர நாளாகும். டிராயிங் எண், டேஷ் எண், ரிவிஷன், ஷீட், ஸோன், விமானத்தின் சீரியல் எண், பாகம் இருக்கும் ஸ்டேஷன், டிராயிங்கில் உள்ள அளவு, நீங்கள் அளந்த அளவு, எந்தப் புள்ளியிலிருந்து அளந்தீர்கள் என்பது, இவை எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒரு புகைப்படம் எடுங்கள், முன்பக்கம் எது என்று அதில் அம்பு போட்டுக் காட்டுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை அந்த இடத்தில் ஒரு துளைகூடப் போட வேண்டாம், ஷிஃப்ட் மாறினால் அடுத்து வருபவர் கண்ணில் படும்படி அங்கேயே சீட்டு ஒட்டிவிட்டுப் போங்கள்.